காய்ச்சல் தணிந்த பின்னர்

மனித குலத்தை நெடுங்காலம் வாட்டிய நோய்களுள் மலேரியாவைப் போல முறை தவறாது வந்துபோகும் நோய்கள் மிகச் சிலவே. முதலிற் குளிர் தோன்றும், பற்கள் கிட்டும், எத்தனை போர்வை போர்த்தினும் நடுக்கம் அடங்காது. அடுத்து உடல் அனலாய்க் கொதிக்கும். பின்னர் வியர்வை பெருகிக் காய்ச்சல் விட, நோயாளி அயர்ந்து உறங்கிவிடுவான். மறுநாள் அவன் எழுந்து தன் தொழிலைப் பார்க்கவுங் கூடும். ஆனால் மூன்றாம் நாள் ஏறக்குறைய அதே வேளையில் அதே குளிர் வந்து அவனை மீண்டும் பற்றும். இவ்வாறு முறைவைத்து வருதலினாலே தமிழ் வைத்தியர் இத்தகைய காய்ச்சலை முறைச்சுரம் என்றனர். பொதுமக்கள் குளிர்காய்ச்சல் என்றனர்.

இந்நோய்க்கு மனிதன் கண்ட மருந்துகளின் வரலாறு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளாக நீண்டு செல்வது. அவ்வரலாறு முழுவதிலும் ஒரு கேள்வி விடாது தொடர்ந்து வருகின்றது. காய்ச்சல் தணிந்துவிட்டால் நோய் தீர்ந்துவிட்டதாகுமா என்பதே அக்கேள்வி. அதற்குத் தவறான விடை கூறிய நோயாளிகள் பலர். ஒரு நாடே தவறான விடை கூறிப் பெருந்துன்பத்துக்கு ஆளானதும் உண்டு. அந்நாடு இலங்கை.

மருந்தின் கதை தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலில் தொடங்குகின்றது. அங்கு வளரும் ஒரு மரத்தின் பட்டை மிகக் கசப்பானது. பெரு நாட்டில் ஸ்பானியர் ஆட்சி நிலவிய பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அப்பட்டையைப் பொடியாக்கிக் கொடுத்தால் முறைக்காய்ச்சல் நின்றுவிடும் என்பதை யேசு சபைக் குருமார் அறிந்து, அதனை ஐரோப்பாவுக்கு அனுப்பலாயினர். பெரு நாட்டு ஆளுநரின் மனைவியான சின்சோன் சீமாட்டி இப்பட்டையினாற் குணமடைந்தார் என்றொரு கதை பரவிற்று. அக்கதையை நம்பியே சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு 1742 ஆம் ஆண்டில் அம்மரத்துக்குச் சின்கோனா எனப் பெயரிட்டார். அக்கதைக்கு ஆதாரம் இல்லை என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிவிட்டது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

ஐரோப்பாவில் இப்பட்டைக்கு உடனே வரவேற்புக் கிடைக்கவில்லை. கத்தோலிக்கக் குருமார் கொண்டுவந்த பொருளாதலின் புரட்டஸ்தாந்து நாடுகளிற் பலர் அதனை ஐயுற்றனர். இங்கிலாந்தில் ரொபேட் தால்பர் என்பவர் இந்த ஐயத்தையே தமக்கு வாய்ப்பாக்கிக் கொண்டார். யேசு சபையாரின் பட்டை ஆபத்தானது என வெளியிற் கூறி, தம்மிடம் ஓர் இரகசிய மருந்து உண்டென அவர் விளம்பரம் செய்தார். இரண்டாம் சாள்ஸ் மன்னரும் பிரான்சிய அரச குடும்பத்தினரும் அவரிடம் வைத்தியம் பெற்றனர். பதினான்காம் லூயி மன்னர் பெரும்பொருள் கொடுத்து அந்த இரகசியத்தை வாங்கினார். தால்பர் 1681 ஆம் ஆண்டில் இறந்த பின்னர் அது வெளியிடப்பட்டது. அவருடைய மருந்து வேறெதுவுமன்று. அதே சின்கோனாப் பட்டையே, திராட்சை மதுவிற் கலந்து கொடுக்கப்பட்டிருந்தது.

பட்டையில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு மரத்தின் பட்டையில் மருந்துச் சத்து மிகுந்திருக்கும். மற்றொன்றிற் சிறிதும் இராது. எவ்வளவு கொடுத்தால் நோய் அடங்கும் என எந்த வைத்தியராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. 1820 ஆம் ஆண்டிற் பாரிசு நகரிலே பெலத்தியே, கவந்து என்னும் இரு மருந்தாளர் அப்பட்டையிலிருந்து அதன் சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். அதுவே குயினைன்; இலங்கைத் தமிழ் மக்கள் கொயினா என அழைத்த மருந்து. அதனை நிறுத்து அளந்து கொடுக்க முடிந்தது. தமது செய்முறையை அவ்விருவரும் உரிமை கோரி மறைக்காது உலகறிய வெளியிட்டனர்.

மருந்து கிடைத்ததும் மரத்துக்குப் போட்டி எழுந்தது. அந்தீசு மலைக் காடுகளில் மரங்கள் கண்டபடி வெட்டப்பட்டன. ஆசியாவிலே குடியேற்றங்களை வைத்திருந்த பிரித்தானியரும் ஒல்லாந்தரும் அம்மரத்தைத் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் வளர்க்க முனைந்தனர். 1860 ஆம் ஆண்டிற் கிளெமென்ற்சு மார்க்கம் என்பவரின் தலைமையிற் சென்ற குழுவினர் தென்னமெரிக்காவிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் சேகரித்தனர். அவை நீலகிரி மலையிலும் இலங்கையிலும் நடப்பட்டன. நுவரெலியாவை அடுத்துள்ள ஹக்கலைத் தாவரத் தோட்டம் 1861 ஆம் ஆண்டிற் சின்கோனாப் பயிருக்காகவே தொடங்கப்பட்டது. இன்று மலர்களைக் காணச் செல்லும் மக்களுட் பலர் அத்தோட்டம் ஒரு காய்ச்சல் மருந்தின் பொருட்டு எழுந்ததென்பதை அறியார்.

தொடக்கத்தில் இலங்கைத் தோட்ட முதலாளிகள் சின்கோனாவைப் பெரிதாக மதிக்கவில்லை. அவர்களுக்குக் கோப்பி இருந்தது. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகளாகத் தோன்றிய பூஞ்சண நோய் படிப்படியாக மலைநாட்டுக் கோப்பியை அழித்தது. நட்டம் அடைந்த முதலாளிகள் சின்கோனாவை நாடினர். 1883 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 64,000 ஏக்கர் நிலம் அம்மரத்தின் கீழ் வந்தது. 1880களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றில் ஒன்றரைக் கோடி இறாத்தல் அளவிலே பட்டை ஏற்றுமதியாயிற்று. அம்மரங்களை நட்டவரும் பட்டையை உரித்தவரும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே.

ஆயினும் இந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. பட்டை மிகுந்ததும் விலை சரிந்தது. அதே வேளையில் யாவாத் தீவில் ஒல்லாந்தர் வேறொரு வகை மரத்தை வளர்த்து வந்தனர். சாள்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகருக்காக மனுவேல் இங்கிரா மமானி என்னும் பொலிவிய நாட்டுப் பழங்குடி மகன் தேடிச் சேர்த்த விதைகளே அவ்வகைக்கு மூலமாயின. அவ்விதைகளை 1865 ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரசு வாங்க மறுத்தது. ஒல்லாந்தர் ஓர் இறாத்தல் விதையைச் சிறு தொகைக்கு வாங்கினர். அம்மரங்களின் பட்டையிற் கொயினாச் சத்து ஏனைய மரங்களிலும் பன்மடங்கு மிகுந்திருந்தது. பின்னர் மீண்டும் விதை சேர்க்கச் சென்ற மமானி சிறையில் அடைக்கப்பட்டு, அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்தார். உலகின் கொயினாத் தேவையிற் பெரும்பங்கு அவர் பொறுக்கிய விதைகளின் வழிவந்த மரங்களிலிருந்தே பின்னாளிற் பெறப்பட்டது. இலங்கையிலோ சின்கோனா வேரோடு பிடுங்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது.

அதுவரை மருந்து நோயை எவ்வாறு தீர்க்கின்றது என்பதை எவரும் அறிந்திலர். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் அதுவே. 1880 ஆம் ஆண்டில் அல்சீரியாவிலே பணியாற்றிய பிரான்சியப் படை வைத்தியர் லவரான், நோயாளி ஒருவரின் இரத்தத்திலே உயிருள்ள ஒட்டுண்ணி அசைவதை நுணுக்குக்காட்டி வழியே கண்டார். 1897 ஆம் ஆண்டிற் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் அவ்வொட்டுண்ணியை நுளம்பின் வயிற்றுட் கண்டார். அதன் பின்னரே நோயின் போக்குத் தெளிவாயிற்று. அனோபிலிசு என்னும் இனத்துப் பெண் நுளம்பு கடிக்கும்போது ஒட்டுண்ணி மனித உடலுட் புகுகின்றது. அது செங்குருதிக் கலங்களுள் நுழைந்து பெருகுகின்றது. கலங்கள் ஒருசேர வெடிக்கும்போது குளிரும் காய்ச்சலும் தோன்றுகின்றன.

கொயினா வேலை செய்யும் முறையும் பிற்காலத்தில் விளங்கிற்று. ஒட்டுண்ணி குருதிக் கலத்தின் செந்நிறப் பொருளையே உணவாகக் கொள்கின்றது. அவ்வுணவு செரிக்கும்போது இரும்புச் சத்துள்ள ஒரு நஞ்சு எஞ்சுகின்றது. அந்நஞ்சைப் பளிங்குத் துகளாக இறுக்கி ஒதுக்கிவிட்டு ஒட்டுண்ணி தப்பிப் பிழைக்கின்றது. கொயினாவும் அதன் வழிவந்த சில மருந்துகளும் நஞ்சு அவ்வாறு இறுகுவதைத் தடுக்கின்றன. எனவே ஒட்டுண்ணி தான் உண்ட உணவின் நஞ்சினாலேயே மடிகின்றது. ஆனால் இச்செயல் இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளையே தாக்கும். இரத்தத்துக்கு வெளியே அவை எங்கேனும் ஒளிந்திருந்தால் கொயினா அவற்றைத் தொடாது. இந்தக் குறைபாட்டின் கடுமையை இலங்கை மக்கள் 1934 ஆம் ஆண்டிலே கண்டனர்.

அவ்வாண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்பொழுதும் பெருகியோடும் தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணலிடையே குட்டைகளாயின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அத்தகைய தெளிந்த, வெயில் படும் குட்டைகளிலேயே முட்டையிடுவது. அவ்வாண்டின் இறுதியிற் கேகாலை, குருநாகல் மாவட்டங்களிற் காய்ச்சல் தீப்போற் பரவிற்று. உலர்வலயத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக மலேரியாவுடன் வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரவலயத்து மக்களுக்கு அந்த ஆற்றல் இல்லை. வறட்சியினால் வயலும் விளையவில்லை. பசியும் காய்ச்சலும் ஒரே வீட்டில் ஒருங்கே புகுந்தன. அப்போது தீவின் மக்கள் தொகை ஏறக்குறைய 55 இலட்சம். அவர்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். 1935 ஆம் ஆண்டின் இறுதிக்குள் மாண்டவர் ஏறக்குறைய 80,000 பேர். குழந்தைகளே மிகுதியாக மடிந்தனர்.

அரசினர் வைத்தியசாலைகளிலும் தற்காலிக நிலையங்களிலும் கொயினா வழங்கினர். சூரிய மல் இயக்கத்தைச் சேர்ந்த டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய இளைஞர் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். ஒரு காலத்தில் 64,000 ஏக்கரிற் சின்கோனா வளர்த்த இத்தீவு, தன் மக்களைக் காக்க வேண்டிய கொயினாவைப் பிறநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று. மருந்து உண்டவர்களுக்குக் காய்ச்சல் தணிந்தது. ஆனால் அவர்களுட் பலருக்குச் சில வாரங்களின் பின், நுளம்பு மீண்டும் கடிக்காமலே, காய்ச்சல் திரும்பி வந்தது. முன்னரே மெலிந்திருந்த உடல் அந்த இரண்டாம் தாக்குதலைத் தாங்கவில்லை.

காய்ச்சல் திரும்பி வருவது ஏன்? வைத்தியர்கள் இக்கேள்விக்கு நெடுநாள் விடை காணாதிருந்தனர். மலேரியா ஒட்டுண்ணிகளிற் சில வகைகள் உண்டு. அவற்றுட் பல்சிப்பாரம் என்னும் வகை கொடியது. மூளையைத் தாக்கி விரைவிற் கொல்லவல்லது. வைவாக்சு என்னும் வகை கொல்வது அருமை. ஆனால் அது திரும்பத் திரும்ப வரும். 1948 ஆம் ஆண்டில் இலண்டனிலே ஷோட், கார்ணம் என்னும் இரு அறிஞர் விடையைக் கண்டனர். நுளம்பு செலுத்திய ஒட்டுண்ணி நேரே குருதிக் கலத்துட் புகுவதில்லை. முதலில் ஈரலிற் சென்று தங்குகின்றது. வைவாக்சு வகையிற் சில உயிர்கள் அங்கேயே வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் உறங்கிக் கிடந்து பின்னர் விழித்தெழுகின்றன என்பது 1980களின் தொடக்கத்தில் ஐயமற நிறுவப்பட்டது. காய்ச்சல் இல்லை, இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரிவதில்லை, நோயோ ஈரலில் உறங்குகின்றது.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போர் மருந்தின் வரலாற்றையே மாற்றிவிட்டது. 1942 ஆம் ஆண்டில் யப்பானியர் யாவாவைக் கைப்பற்றவே, நேச நாடுகளுக்குக் கொயினா கிடைக்கும் வழி அடைபட்டது. அதற்கு முன்னரே ஜேர்மனிய இரசாயன அறிஞர் செயற்கை மருந்துகளை உருவாக்கத் தொடங்கியிருந்தனர். அவற்றுள் ஒன்றான அத்தெப்ரின் என்னும் குளிசையை நேச நாட்டுப் படையினர் உட்கொண்டனர். அது அவர்களின் தோலை மஞ்சளாக்கிற்று. மற்றொரு மருந்தை 1934 ஆம் ஆண்டில் ஹான்ஸ் அந்தர்சாக் என்பவர் ஆக்கியிருந்தார். அது நச்சுத்தன்மை மிக்கதெனக் கருதப்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்டது. போர்க்காலத்தில் அமெரிக்கர் ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சோதித்தபோது அந்த மருந்தையும் மீண்டும் ஆராய்ந்தனர். அது தீங்கற்றது மட்டுமன்றி, மிக்க பயனுள்ளது எனவும் கண்டனர். அதுவே குளோரோகுயின். இலங்கை மண்ணில் 80,000 பேர் மாண்ட அதே காலத்தில் அம்மருந்து ஓர் ஆய்வுகூடத்தில் உருவாகி ஒதுக்கப்பட்டிருந்தது என்பது வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று.

குளோரோகுயினும் இரத்தத்து ஒட்டுண்ணிகளையே கொன்றது. ஈரலில் உறங்குவதை அழிக்க வல்லதாகப் பிரிமாகுயின் என்னும் மருந்து 1940களிற் கண்டறியப்பட்டது. கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினருக்குக் கப்பலிலேயே அது நாள்தோறும் கொடுக்கப்பட்டது. அம்மருந்தின் பிறப்பிலும் ஒரு கறை உண்டு. இலினோய் மாநிலச் சிறைக் கைதிகளுக்கு நோயைப் புகுத்தியே அது சோதிக்கப்பட்டது. சிலருடைய குருதிக் கலங்கள் அம்மருந்தினாற் சிதைவது கண்டு, அதற்குக் காரணம் பிறவியிலேயே ஒரு நொதியம் குறைந்திருத்தல் என 1956 ஆம் ஆண்டில் அங்கேயே அறிந்தனர். ஆகவே அக்குறை உண்டா என ஆராய்ந்த பின்னரே இம்மருந்து கொடுக்கப்பட வேண்டும்.

பிரிமாகுயினைப் பதினான்கு நாள் தொடர்ந்து உட்கொள்ளுதல் வழக்கமான முறை. காய்ச்சலோ இரண்டு மூன்று நாளிலே தணிந்துவிடுகின்றது. எஞ்சிய நாட்களில் நோயாளி நலமாக இருக்கின்றான், வயலுக்குப் போகின்றான், மருந்தின் நினைவு அவனுக்கு வருவதில்லை. அவன் நிறுத்திவிடும் குளிசைகளிலேயே நோயின் மறுவருகை தங்கியிருக்கின்றது.

தனி மனிதனின் இக்கதை ஒரு நாட்டின் கதையாகவும் ஆயிற்று. 1946 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏறக்குறைய 27 இலட்சம் பேர் மலேரியாவுக்குச் சிகிச்சை பெற்றனர். அக்காலத்திலேயே வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. என்னும் பூச்சிகொல்லி மருந்து தீவெங்கும் தெளிக்கப்படலாயிற்று. சுவரில் அமர்ந்த நுளம்புகள் மடிந்தன. வைத்தியசாலைகள் நோயாளருக்கு மருந்து கொடுத்தன. மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர் காய்ச்சல் கண்டவர்களின் குருதித் துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துச் சோதித்தனர். நோயாளர் தொகை வீழ்ந்தது. 1963 ஆம் ஆண்டிலே தீவு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேர் மாத்திரமே. உலகம் இலங்கையை வியந்து பாராட்டிற்று.

காய்ச்சல் தணிந்துவிட்டது, நோய் தீர்ந்ததென நாடு எண்ணியது. 1964 ஆம் ஆண்டில் மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. குருதிச் சோதனையில் இருந்த விழிப்புத் தளர்ந்தது. 17 என்னும் எண், கண்ணிற் பட்ட நோயாளரையே குறித்தது. ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணியைத் தாங்கி நடமாடியவர்களை அது குறிக்கவில்லை. எலகெர முதலிய இடங்களில் மாணிக்கம் தேடி மக்கள் திரண்டனர். அவர்கள் தோண்டிய குழிகளில் நீர் தேங்கிற்று. வேற்றூரிலிருந்து வந்தவர்கள் குடிசைகளில் உறங்கித் தத்தம் ஊருக்கு மீண்டனர். 1967, 1968 ஆம் ஆண்டுகளில் மழை குன்றி ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. நோய் விழித்தெழுந்தது. 1968 ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 440,644 ஆயிற்று. அடுத்த ஆண்டில் 537,705 ஆயிற்று. அவர்களுட் பெரும்பாலோரைப் பற்றியது வைவாக்சு வகையே. பதினான்கு நாட் குளிசையை ஐந்தாம் நாளில் நிறுத்திய நோயாளியைப் போலவே நாடும் நடந்துகொண்டது. அத்தவறுக்கு ஈடு செய்ய நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

அந்த நீண்ட காலத்தில் ஒட்டுண்ணியும் வாளா இருக்கவில்லை. 1950களின் இறுதியிலே தாய்லாந்து, கம்போடிய எல்லையிலும் கொலம்பியாவிலும் பல்சிப்பார ஒட்டுண்ணிகள் குளோரோகுயினை எதிர்த்து வாழக் கற்றன. மருந்தைக் குறைவாக உட்கொள்ளுமிடத்து வலிமை குன்றிய ஒட்டுண்ணிகள் மடிய, வலிமை மிக்கவை எஞ்சிப் பெருகுகின்றன. இந்த எதிர்ப்பாற்றல் 1984 ஆம் ஆண்டில் இலங்கையிலும் காணப்பட்டது.

புதிய மருந்து ஒன்று சீனாவிலிருந்து வந்தது. வியட்நாம் போரின்போது, 1967 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள், சீன அரசு மலேரியா மருந்து தேடும் ஓர் இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதிற் பணிபுரிந்த தூ யூயூ என்னும் பெண் ஆய்வாளர் பழைய வைத்திய நூல்களை ஆராய்ந்தார். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹொங் என்பார், சிங்ஹாவ் என்னும் பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்குமாறு கூறியிருந்தார். காய்ச்சும்படி அவர் கூறவில்லை. வெப்பத்தினாற் சத்து அழியக்கூடும் என்பதைத் தூ யூயூ அதனால் உய்த்துணர்ந்தார். குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அவர் சோதித்த சாறு விலங்குகளின் இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணிகளை முற்றாக அழித்தது. ஆர்த்தெமிசினின் எனப்படும் அம்மருந்துக்காக 2015 ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசில் ஒரு பங்கு வழங்கப்பட்டது.

ஆர்த்தெமிசினின் வகை மருந்து மிக விரைவாக வேலை செய்யும். ஆனால் உடலில் நெடுநேரம் தங்காது. எனவே மெல்ல வேலை செய்யும் மற்றொரு மருந்துடன் சேர்த்தே அதனைக் கொடுக்கின்றனர். ஒரு மருந்தை எதிர்த்துப் பிழைக்கும் ஒட்டுண்ணியை மற்றது அழிக்கும் என்பது இதன் கருத்து. இலங்கை 2008 ஆம் ஆண்டு முதற் பல்சிப்பார வகைக்கு இக்கூட்டு மருந்தை மேற்கொண்டது. அதனுடன் ஒரு வேளைப் பிரிமாகுயினும் கொடுக்கப்படும். இந்த ஒரு வேளை மருந்து நோயாளியின் காய்ச்சலைத் தணிப்பதற்கன்று. நுளம்புக்குத் தொற்றக்கூடிய ஒட்டுண்ணிகளை அது அழிக்கின்றது. அஃதாவது, நோயாளி அதனைத் தன் பொருட்டன்றி அயலவர் பொருட்டே உட்கொள்கின்றான்.

நாட்டிலே போர் நடந்த ஆண்டுகள் மலேரியாவுக்கும் வாய்ப்பான ஆண்டுகளாயின. வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்த மக்கள் காட்டோரங்களிலும் முகாம்களிலும் தங்கினர். 1999 ஆம் ஆண்டில் நாட்டில் 264,549 பேர் நோயுற்றனர். அத்தகைய காலத்திலும் பணி முற்றாக நிற்கவில்லை. நடமாடும் மலேரியா நிலையங்கள் எளிதில் எட்டாத ஊர்களுக்குச் சென்று குருதியைச் சோதித்து உடனே மருந்து கொடுத்தன. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. காய்ச்சல் கண்டவர் தாமாக வரும்வரை காத்திராமல் ஊழியர் தேடிச் சென்றனர். மருந்தை எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல், முழுவதும் உட்கொள்ளப்பட்டதா எனவும் பின்தொடர்ந்து பார்த்தனர். 2000 ஆம் ஆண்டின் பின்னர் நோய் பெரிதும் குறைந்தது. உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளி 2012 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திற் கண்டறியப்பட்டார். 2016 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனப் பிரகடனஞ் செய்தது.

இவ்வெற்றியிற் புதிய மருந்தின் பங்கு சிறிதன்று. எனினும் பிரிமாகுயின் 1950களிலிருந்தே இருந்தது. குளோரோகுயின் அதற்கும் முந்தியது. வைவாக்சு வகையை ஒழித்தவை அவ்விரு பழைய மருந்துகளே. வேறுபட்டது மருந்தன்று, மருந்தைத் தொடர்ந்து கொடுக்கும் விடாமுயற்சியே.

ஒட்டுண்ணி மறைந்தாலும் நுளம்பு மறையவில்லை. மலேரியாவைப் பரப்பவல்ல, நகரங்களிற் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளரக்கூடிய வேறொரு நுளம்பு வகை 2016 ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளி ஒருவரிடமிருந்து உள்நாட்டவர் ஒருவருக்கு நோய் தொற்றிற்று. விரைந்து கண்டு மருந்து கொடுத்தமையால் அது மேலும் பரவவில்லை. மலேரியா நிலவும் நாடுகளுக்குத் தொழிலின் பொருட்டும் யாத்திரையின் பொருட்டும் செல்வோர் இன்றும் நோயுடன் திரும்புகின்றனர். மலேரியா நோயாளி ஒருவரையேனும் கண்டிராத இளம் வைத்தியர்கள் இப்பொழுது வைத்தியசாலைகளிற் பணியாற்றுகின்றனர். காய்ச்சலோடு வருபவரிடம், அண்மையில் எந்த நாட்டுக்குச் சென்று வந்தீர் எனக் கேட்கும் ஒரு கேள்வியே அவ்விடத்து முதல் மருந்தாகின்றது. கம்போடியாவிலும் ஆபிரிக்க நாடுகள் சிலவற்றிலும் ஆர்த்தெமிசினினையே ஓரளவு எதிர்க்கும் ஒட்டுண்ணிகள் தோன்றியுள்ளமையால், பிந்திக் கண்டறியப்படும் நோயாளிக்கு மருந்து பயன்படாது போகும் அபாயமும் உண்டு.

பதினான்காம் நாட் குளிசையை விழுங்குபவனுக்குக் குளிரும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தேவையில்லை போலத் தோன்றும் அந்தக் குளிசையே நோயை வேரோடு களைகின்றது. மலேரியா அற்ற இலங்கையும் இன்று அந்நோயாளியின் நிலையிலேயே இருக்கின்றது. ஆண்டுதோறும் பல்லாயிரம் குருதித் துளிகளைச் சோதித்து, அவற்றில் ஒட்டுண்ணி இல்லை எனக் காண்பது வீண்வேலை போலத் தோன்றலாம். 1964 ஆம் ஆண்டிலும் அவ்வாறே தோன்றிற்று.